இன்னும் முழிச்சிருக்கு

பூனையிடம் ரத்தம் எடுப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. நாய் என்றால் காலைக் கொடுத்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். பூனை அப்படியா? ஒரே குத்தில் கழுத்து நரம்பில் ஊசி ஏறியாக வேண்டும். உள்ளே விட்டுத் துழாவினால் போச்சு, ஊசி முனையிலேயே ரத்தம் உறைய ஆரம்பித்துவிடும். அன்றைய பரிசோதனை குப்பைக்குத்தான். அதனால்தான் அந்த மிருக ஆஸ்பத்திரியின் பின்கட்டு லேபில் யாரும் நிலைப்பதில்லை என்று டாக்டரம்மா சொன்னார். வேறு காரணமும் இருக்கலாம் என்று புதிதாக வேலைக்கு வந்தவளுக்குத் தோன்றவில்லை. சம்பளம் வந்தால் போதும் என்றிருந்தவளுக்கு எப்படித் தோன்றும்?

அவள் அதுவரை மனிதர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தவள். அந்த லேபை மூடிவிட்டார்கள், இங்கே வந்துவிட்டாள். வந்த அன்றைக்கே எல்லோருமாகச் சேர்ந்து 'ரத்தக்காரம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள். முறைத்துப் பார்த்தாள். முறைத்தால் பேர் போய்விடுமா என்ன, ஒட்டிக்கொண்டது.

லேப் பாதி நிலத்துக்குள் புதைந்த அறை. ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். பட்டப்பகலிலும் விளக்குப் போட்டால்தான் கைவேலை நடக்கும். பினாயில், ஸ்பிரிட், நனைந்த ரோமம் எல்லாம் கலந்த வாடை. அதற்கும் அடியில் துருப்பிடித்த இரும்பு வாடை ஒன்று. அது ரத்தம் என்று அவள் மூக்குக்கு உடனே தெரிந்தது. இத்தனை வருஷம் சோறு போட்ட வாடையாயிற்றே.

மூலையில் வெந்நீர்த் தொட்டி இருந்தது. பூனையின் உடம்புச் சூட்டிலேயே தண்ணீரை வைத்திருக்கும் எஃகுப் பெட்டி, கண்ணாடிக் குழாய்களைச் செருகி வைக்க மூடியில் வரிசையாகத் துளைகள். எந்நேரமும் அது 'உர்ர்ர்' என்று மெல்ல முனகியது. பழைய மோட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

அங்கத்திய பேச்சுவழக்கை அவளுக்குச் சொன்னது வாளி. கூண்டு கழுவுகிற ஆளின் பட்டப்பேர் அது. கையில் வாளி இல்லாமல் அவனைப் பார்த்தவர் கிடையாது, வாயை மூடிப் பார்த்தவரும் கிடையாது. ரத்தத்தைக் குழாயில் விட்டு, வெந்நீரில் நிறுத்தி, அவ்வப்போது எடுத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சாய்த்தால் ஓடுகிறதா, ஓடாமல் கூழாகக் கெட்டிப்பட்டு நின்றுவிட்டதா? நின்றுவிட்டால் எவ்வளவு நேரத்தில் நின்றது என்பதுதான் கணக்கு. அதற்கு மெஷின் உண்டு. ஆனாலும் சந்தேகமான ரத்தத்தை டாக்டரம்மா கையால்தான் பார்க்கச் சொல்வார். இப்படிச் சாய்ப்பதற்கு அங்கே தாலாட்டு என்று பேர். உறைந்துவிட்டால் 'தூங்கிடுச்சு'. உறையாவிட்டால் 'இன்னும் முழிச்சிருக்கு'.

"தூங்கிடுச்சா?" என்று டாக்டரம்மா வாசலில் நின்று கேட்டபோது ரத்தக்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் புருஷன் தினமும் கேட்கிற கேள்வி அது. அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றும்போதே கிசுகிசுப்பாக அதைத்தான் கேட்பார். தூங்கியிருக்காது. இவர்கள் மகள் லேசில் தூங்குகிற ஜாதி இல்லை. முன்பல் இரண்டும் துருத்திக்கொண்டிருந்ததால் அவளைச் 'சுண்டெலி' என்று அப்பா கூப்பிடுவார். அந்த முன்பல்லில் ஒன்று இப்போது ஆட ஆரம்பித்திருந்தது. நாள் முழுக்க அதை நாக்கால் தள்ளிக்கொண்டிருப்பாள். அம்மா வந்ததும் ஓடிவந்து வாயைத் திறப்பாள். அம்மா விரலால் ஆட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் ஆடணும்டி என்பாள். இது அவர்களுக்குள் தினசரிச் சடங்காகிவிட்டது.

வேலையில் சேர்ந்து கொஞ்ச நாளில் ஒரு கிழவர் தன் பூனையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். முன்கால் இரண்டும் நன்றாக இருந்தன, பின்கால் இரண்டும் துணிபோல இழுபட்டன. ரத்தக்காரம்மா பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். சில்லிட்டிருந்தது. பூனைக்கு இதயக் கோளாறு வந்தால் உள்ளே ரத்தம் கட்டிக்கொண்டு, பெரிய நாளம் இரண்டு காலுக்குமாகப் பிரிகிற கவட்டையில் போய் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா விளக்கினார். வாளி அதைத் தன் பாஷையில் சொன்னான்.

"தூங்கக் கூடாத இடத்துல போய்த் தூங்கிடுச்சும்மா."

அந்தப் பூனை பிழைக்கவில்லை. அதன் கத்தல் இரண்டு நாள் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

தொட்டியின் கடைசித் துளையில் ஒரு குழாய் எப்போதும் நின்றுகொண்டிருந்தது. அதில் பேர் ஒட்டவில்லை, தேதி இல்லை. ஒருநாள் எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள். ரத்தம் சரசரவென்று ஓடியது. இப்போதுதான் எடுத்தாற்போல நல்ல சிவப்பு. யாருடையது என்று கேட்டதற்கு, அது பழைய ஆளோடது, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வாளி வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டான். எதைக் கேட்டாலும் ஊர்க்கதை சேர்த்துச் சொல்கிறவன் அன்றைக்கு அத்தோடு நிறுத்தியது விசித்திரம்தான்.

ஆனால் அவளுக்குப் பொறுக்கவில்லை. பேரில்லாத குழாய் லேபில் இருக்கக் கூடாது என்பது அவள் பழகிய தொழிலின் முதல் பாடம். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பேரில் போனால் உயிர் போய்விடும். அந்தப் பாடம் அவள் ரத்தத்தில் ஊறியது. வேறு எந்த வேலைக்காரி என்றாலும் நமக்கென்ன என்று விட்டிருப்பாள். இவள் மறுநாள் காலை வந்ததும் முதல் வேலையாக அந்தக் குழாயை எடுத்து, மூடியைத் திறந்து, கழுவுதொட்டியில் கவிழ்த்தாள்.

கெட்ட வாடை வரவில்லை. வெதுவெதுப்பாக ஒரு வாடை வந்தது. தூங்கி எழுந்த மிருகத்தின் கழுத்தில் முகம் வைத்தால் வருமே, அது.

குழாயின் விளிம்பில் ஒரு சொட்டு தங்கி அவள் ஆள்காட்டி விரலில் இறங்கியது. கையுறை மாட்டியிருக்கவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினாள்.

அப்போதுதான் கவனித்தாள். தொட்டியின் முனகல் நின்றிருந்தது.

கரண்ட் போய்விட்டதா என்று பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. தண்ணீரும் சூடாகத்தான் இருந்தது. கழுவுதொட்டிக்குக் கீழே, கழிவுநீர்க் குழாய்க்குள் எங்கேயோ, 'உர்ர்ர்' என்று கேட்டு அடங்கியது.

அன்று சாயங்காலம் வழக்கம்போலச் சுண்டெலி ஓடிவந்து வாயைத் திறந்தாள். அம்மா அதே விரலால் பல்லை ஆட்டிப் பார்த்தாள். நல்ல ஆட்டம். ஈறோரம் துளி சிவப்பு தெரிந்தது.

"உப்புக் கரிக்குதும்மா" என்றாள் குழந்தை.

மறுநாளிலிருந்து லேபில் எந்த ரத்தமும் தூங்கவில்லை.

ஆரோக்கியமான பூனையின் ரத்தம்கூட முழித்திருந்தது. சாய்த்தால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடியது. அவள் மருந்துகளை மாற்றினாள், புதுக் குழாய் வாங்கினாள், தொட்டியைத் தேய்த்துக் கழுவினாள். டாக்டரம்மா கைப்பக்குவம் போதவில்லை என்கிறாற்போலப் பார்த்தார். வேடிக்கை என்னவென்றால், ரத்தம் கொடுத்த பூனைகளுக்கு ஒன்றுமில்லை. ஊசி குத்திய இடம் உடனே மூடிக்கொண்டது. அவை பாட்டுக்கு நக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

ஒரு ரத்தம் ஏன் உறையவில்லை என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. அதில் பாதி, வெளியூர் லேபிலிருந்து வந்த நல்ல பூனை ரத்தத்தின் தெளிந்த நீரில் பாதி, இரண்டையும் கலந்து தாலாட்ட வேண்டும். கலவை உறைந்தால் முதல் ரத்தத்தில் ஏதோ குறைகிறது, நல்லது அதை ஈடுகட்டிவிட்டது என்று அர்த்தம். உறையாவிட்டால் குறை ஒன்றும் இல்லை. வேண்டாதது ஏதோ உள்ளே இருக்கிறது, அது நல்லதையும் கெடுக்கிறது.

அவள் கலந்தாள். சாய்த்தாள். மறுபடி சாய்த்தாள்.

கலவை முழித்திருந்தது.

உள்ளே ஏதோ இருக்கிறது.

பின்னால் தண்ணீர் வாளி ஒன்று தரையில் விழுந்து உருளும் சத்தம். வாளி வாசலில் நின்று தொட்டியின் காலித் துளையையே பார்த்துக்கொண்டிருந்தான். கூண்டு கழுவிய தண்ணீர் அவன் காலடியில் பரவியது.

"கொட்டிட்டீங்களா?"

அவள் தலையாட்டினாள். அதன் பிறகு அவன் உள்ளே கால் வைக்கவில்லை, வாசலில் நின்றபடியே சொன்னான். சாம்பல் நிறத்தில் ஒரு பூனை இருந்ததாம். கண் இரண்டும் உருண்டு பெரிதாக இருந்ததால் முழியன் என்று பேர். கண்ணாடியைத் தொட்டதும் ரத்தத்தை உறையச் சொல்கிற ஏதோ ஒரு சத்து பிறவியிலேயே அதற்குக் கிடையாது. அதனால் குழாயில் அதன் ரத்தம் தூங்கவே தூங்காது. உடம்பில் மட்டும் ஒரு குறையும் இல்லை, காயம் பட்டால் மற்றப் பூனைகளைப்போலவே ஆறிவிடும். அப்போது லேபில் இருந்தவனுக்குத் 'தொட்டில்' என்று பேர். அவன் கையில் தூங்காத ரத்தமே இல்லை என்று பெருமை. முழியன் அந்தப் பெருமையை உடைத்துவிட்டது. விடுவானா? இன்று தூங்க வைக்கிறேன் பார் என்று தினமும் எடுத்தான். ஒருநாள் ஒரு குழாய், இன்னொரு குழாய் என்று வெறிபிடித்தவன் போல எடுத்துக்கொண்டே போனான். முழியன் அவன் மடியிலேயே கண்ணைத் திறந்தபடி செத்துப்போனது. கடைசிக் குழாய் அந்தத் துளையிலேயே நின்றுவிட்டது.

தொட்டில் இப்போது பக்கத்துத் தெருவில்தான் இருந்தான். மனைவிக்குத் தையல்கடை. ரத்தக்காரம்மா அப்போதே கிளம்பிவிட்டாள். வெளியே வானம் கறுத்து, மத்தியானமே அந்தி போல இருந்தது. தையல்காரி வந்தவளை ஏற இறங்கப் பார்த்தாள். லேபிலிருந்து வருகிறாள் என்றதும் தைப்பதை நிறுத்தாமலே திரைக்குப் பின்னால் கையைக் காட்டினாள். ராத்திரி கையைக் கட்டிப்போட்டாலும் விரல் ஆடுது, பொத்தான் தைக்கக்கூட லாயக்கில்லாம போச்சு, நான் ஒருத்தி எத்தனைக்குத்தான் மாரடிப்பேன் என்று இயந்திரத்திடம் சொல்வதுபோலச் சொன்னாள்.

திரைக்குப் பின்னால் நடுவயசு ஆள் ஒருவன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்காலுக்கு மேலே அந்தரத்தில் நின்றது. விரல்களுக்கு நடுவில் ஒன்றும் இல்லை.

கை மெல்லச் சாய்ந்தது. நிமிர்ந்தது. சாய்ந்தது.

நடந்ததைச் சொன்னாள். அவன் முகம் மாறவில்லை. கை மட்டும் நின்றுவிட்டது. தையல் இயந்திரமும் அந்தப் பக்கம் நின்றது.

"அப்பாடா" என்றான். கையை மடியில் போட்டுக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது. "என்னை விட்டுடுச்சு."

"இப்ப எங்க இருக்கு?"

"அதுக்குத் தூக்கம் வேணும், வேற ஒண்ணும் வேணாம். கண்ணாடியில தூங்காது. உடம்புலதான் தூங்கும்." அவன் பார்வை அவள் விரலில் போய் நின்றது. "கொட்டினப்புறம் யாரைத் தொட்டீங்க?"

அவளுடைய போன் அடித்தது.

புருஷன்தான், அன்று லீவு போட்டு வீட்டில் இருந்தார். பல் விழுந்துடுச்சு, நம்ம சுண்டெலி இனிமே அரை எலிதான் என்று சிரித்தார். பிறகு, ரத்தம்தான் கொஞ்சம் நிக்க மாட்டேங்குது, பஞ்சு வச்சிருக்கேன், நீ எப்ப வர்ற என்று கேட்டார். குரலில் சிரிப்பு இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. அவள் ஓடினாள். வீட்டில் கரண்ட் இல்லை. ஜன்னலோரம் தரையில் குழந்தை உட்கார்ந்திருந்தது, மடியில் வெள்ளைத் துண்டு. வெள்ளை என்று ஓரத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. ஒரு சின்னப் பல் போன இடத்திலிருந்து இவ்வளவா? வலி இல்லை, அழுகை இல்லை. பயந்த கண்ணோடு, உப்புக் கரிக்குதும்மா, உப்புக் கரிக்குதும்மா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. உதடு வெளுத்துவிட்டது. புருஷன் வண்டி பிடிக்க மழையில் இறங்கி ஓடினார்.

அவள் குழந்தையின் மோவாய்க்குக் கீழே உள்ளங்கையை ஏந்தினாள். நிறைந்தது. பழக்கம், அவளை அறியாமல் கை சாய்ந்தது.

ரத்தம் ஓடியது.

இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, சரசரவென்று.

"அம்மா, பூனை எங்க கத்துது?"

வீட்டில் பூனை கிடையாது. ஆனால் அவளுக்கும் கேட்டது. 'உர்ர்ர்.' குழந்தையின் நெஞ்சுக்குள்ளிருந்து வந்தது.

தாய் மனசு கணக்குப் போட்டுப் பார்க்காது. தூங்க ஓர் உடம்பு வேண்டும், அவ்வளவுதானே? அடுப்படிக் கத்தியை எடுத்துத் தன் ஆள்காட்டி விரலைக் கீறினாள். குழந்தையை மடியில் அணைத்து, கீறிய விரலைப் பல் போன குழியில் வைத்து அழுத்தினாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, குரலை மட்டும் அசங்காமல் வைத்துக்கொண்டாள்.

"பச்சைப்புள்ளைய விட்டுடு. உனக்கு மடி வேணும்னா இங்க வா. நான் தூங்க வைக்கிறேன்."

ஆராரோ என்று மெல்ல ஆட்டினாள். குழந்தையை ஆட்டினாளா அதை ஆட்டினாளா என்று அவளுக்கே தெரியாது.

விரலில் ஒரு கனம் ஏறியது. மெத்தென்ற பாதம் வைத்து எதுவோ கைக்குள் நடந்தது. மணிக்கட்டு, முழங்கை, தோள். நெஞ்சைக் கடக்கும்போது அவளுக்கு மூச்சு நின்று திரும்பி வந்தது. பிறகு வயிற்றுக்குள் இறங்கியது. இடுப்புக்குக் கீழே, நாளம் காலுக்குப் பிரிகிற கவட்டையில், படுக்குமுன் பூனை சுற்றுமே, அதுபோல ஒரு சுற்றுச் சுற்றியது.

சுருண்டு படுத்தது.

விரலை எடுத்துப் பார்த்தாள். குழியில் ரத்தம் கூழாகக் கெட்டிப்பட்டு நின்றிருந்தது. சுண்டெலி நாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டு, நின்னுடுச்சும்மா என்றாள். புருஷன் வண்டியோடு வந்து வாசலில் நின்றபோது அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. இடது கால் துணிபோலக் கிடந்தது. தொட்டுப் பார்த்தாள், சில்லிட்டிருந்தது. அந்தக் கிழவரின் பூனை நினைவுக்கு வந்தது. பயம் வரவில்லை. மகள் பிழைத்துவிட்டாள், கால்தானே என்றிருந்தது.

குழந்தைக்காகப் பிடித்த வண்டியில் அவளைத்தான் ஏற்றினார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் காலின் நாடியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கால் நாளத்தில் ரத்தக்கட்டு அடைத்திருக்கிறது, உடனே கரைத்தால் காலைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்வது அவள் காதில் விழுந்தது. அவள் புருஷனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதை எழுப்ப விடாதீங்க. கால் போனாப் போகட்டும். என்னங்க, எழுப்ப விடாதீங்க."

வலியில் பிதற்றுகிறாள் என்று அவர் நினைத்தார். பாவம், அவர் வேறென்ன நினைப்பார்? தலையைத் தடவி, ஒண்ணும் ஆகாதுமா என்றார். மயக்க ஊசி ஏறியது. கடைசியாக அவளுக்குக் கேட்டது இடுப்புக்குள் நிம்மதியாக முனகிய அந்த 'உர்ர்ர்' மட்டும்தான்.

கண் விழித்தபோது நல்ல வெயில். ஜன்னல் திரை காற்றில் ஆடியது. கையில் மருந்துக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. புருஷன் கட்டிலோரம் சவரம் செய்யாத முகத்தோடு சிரித்தார். அவர் கண்ணில் தண்ணீர்.

"பயம் போச்சு. முழுசாக் கரைச்சுட்டாங்களாம். காலை அசைச்சுப் பாரு."

அசைத்தாள். அசைந்தது. விரல் நுனி வரைக்கும் குறுகுறுவென்று சூடு பரவிக்கொண்டிருந்தது. காது கொடுத்துக் கேட்டாள். இடுப்புக்குள் எந்தச் சத்தமும் இல்லை.

"சுண்டெலி எங்க?"

இங்கதான், ராத்திரியெல்லாம் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா, விடவே மாட்டேன்னுட்டா என்றார் அவர். கட்டிலின் மறுபக்கம் முக்காலியில் குழந்தை உட்கார்ந்திருந்தது. அம்மாவின் ஆள்காட்டி விரலை, கட்டுப் பிரிந்து கிடந்த அந்தக் கீறலோடு சேர்த்து, சின்னக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தது. ஓட்டைப் பல்லைக் காட்டி அம்மாவைப் பார்த்துச் சிரித்தது.

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நாக்கை அந்தக் குழியில் வைத்துத் தடவிப் பார்த்தது.

"அம்மா" என்றாள் சுண்டெலி. "உப்புக் கரிக்குது."